வன்னியிலிருந்து அமுலாக்க விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம்: ஒரு முழுமையான வழிகாட்டி

உயர் இரத்த அழுத்தத்துக்கு மலிவான, நம்பகமான மருந்து இருக்கிறது. அழுத்தத்தை அளக்கும் கருவி கிராமத்துச் சிறு வைத்தியசாலையிலும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு முதல் தொற்றாநோய்களை முன்கூட்டியே கண்டறியும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை இலங்கைச் சுகாதார அமைச்சு நாடெங்கும் நடத்தி வருகிறது. இருந்தும், பக்கவாதம் வந்து படுத்த பிறகே தனக்கு அழுத்தம் இருந்ததை முதன்முதலாக அறிகிற கமக்காரர்கள் வன்னியில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த மருந்துக்கும் இடையில் எது நிற்கிறது, அதை எப்படி அகற்றலாம், அகற்றியது நிலைக்குமா என்பதை முறைப்படி ஆராயும் துறைதான் அமுலாக்க விஞ்ஞானம்.

இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. 2006இல் இதற்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டபோது, எக்கிள்ஸ், மிட்மன் இருவரும் எழுதிய அறிமுகக் கட்டுரையில்தான் இன்று எல்லோரும் பயன்படுத்தும் வரையறை வந்தது: ஆய்வில் நிரூபணமானவற்றை அன்றாடச் சேவைக்குள் கொண்டுவரும் வழிமுறைகளைப் பற்றிய விஞ்ஞான ஆய்வு. மருத்துவ ஆய்வுகளில் சுமார் 14 சதவீதமே நோயாளிக்குப் பயனாக மாறுகின்றன, அதற்கும் 17 ஆண்டுகள் பிடிக்கின்றன என்று 2000ஆம் ஆண்டில் பாலஸ், போரன் இருவரும் வெளியிட்ட கணிப்பு இத்துறைக்குப் பெரும் உந்துதலைக் கொடுத்தது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் வேலை செய்யும் வைத்தியர்கள், தாதியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள், சமூக விஞ்ஞானப் பட்டதாரிகள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இத்துறையில் கலாநிதிப் பட்டம் செய்ய வன்னி ஒரு குறைபாடுள்ள இடமல்ல என்பது என் உறுதியான கருத்து. கேள்விகள் இங்கேதான் அடர்த்தியாகக் கிடக்கின்றன.

படி 1: கேள்வியைச் சேவைக்குள் தேடுங்கள்

பலர் நூலகத்தில் தொடங்குகிறார்கள். வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்து, ஒரு கோட்பாட்டில் மயங்கி, அதைப் பொருத்திப் பார்க்க ஓர் ஊரைத் தேடுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட முன்மொழிவைப் பத்து வரிகளிலேயே அடையாளம் காணலாம். முதலில் ஒரு சேவையின் அருகில் போய் உட்காருங்கள்.

ஆரோக்கிய வாழ்வு நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். வேலைநாள் காலையில் போய் இருந்து பாருங்கள். உயரம், நிறை, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை என்று வரிசை நகர்கிறது. வாங்கில்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கிளினிக்குக்குப் பழகிய கால்கள் அவர்களுடையவை. கர்ப்ப காலம் தொட்டே குடும்பநல உத்தியோகத்தரைத் தெரியும். ஆண்கள் எங்கே? காலபோகம் என்றால் விடியமுன் வயலுக்குப் போயிருப்பார்கள். சிறுபோகம் என்றால் வாய்க்காலில் தண்ணீர் முறை வரும் நேரத்தை விட்டுவிட்டு வர மாட்டார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு காலை என்பது ஒரு நாள் சம்பளம். சாப்பிடாமல் வரச் சொன்னால், பஸ் வரும் நேரத்தையும் வரிசை முடியும் நேரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு வராமலே விடுகிறார்கள். இவ்வளவையும் ஒரு காலையில் பார்த்துவிடலாம். ஆண்களின் வருகை குறைவு என்பது நாடு முழுவதும் பேசப்படும் பிரச்சினைதான். வன்னியில் அது எப்படி உண்டாகிறது என்பதே உங்கள் ஆய்வின் தொடக்கம்.

இன்னும் சில கேள்விகளைச் சொல்கிறேன். இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில், நகர்ப்புறங்களிலும் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி என்னும் நுளம்பு மன்னார்த் தீவில் கண்டறியப்பட்டது. கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும் நுளம்பு அது. நோயாளியையே காணாத இளம் வைத்தியர்களிடமும் பரிசோதகர்களிடமும் விழிப்பை எப்படித் தக்கவைப்பது? வவுனியாவில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள கிராமங்களுக்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துள்ளன. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை ஒரு கிராமச் சங்கம் ஆண்டுக்கணக்கில் சுமக்க எது தேவை? உலக சுகாதார நிறுவனம் 2008இல் தொடங்கிய உளநல இடைவெளித் திட்டம், சிறப்பு வைத்தியர் இல்லாத இடத்தில் பொது வைத்தியரும் தாதியும் உளநலச் சிகிச்சையை வழங்க வழிகாட்டுகிறது. 2009இன் பேரழிவைக் கடந்து வந்த மக்கள் வாழும் ஊர்களில் அதை வழமையான வெளிநோயாளர் பிரிவுக்குள் எப்படிப் பொருத்துவது? பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றி வெளியிட்ட ஆய்வை இந்தக் கேள்வியை எடுப்பவர் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஒரு கேள்வி இத்துறைக்கு உரியதா என்று அறிய எளிய சோதனை உண்டு. "இந்தச் சிகிச்சை பலன் தருமா?" என்று கேட்டால் அது மருத்துவ ஆய்வு. "பலன் தரும் என்று தெரிந்த சிகிச்சை ஏன் போய்ச் சேரவில்லை, எந்த உத்தி அதைக் கொண்டுசேர்க்கும்?" என்று கேட்டால் அது உங்கள் துறை. நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று மட்டும் எண்ணும் ஆய்வு பயனுள்ளதுதான். ஆனால் அமுலாக்க விஞ்ஞானக் கலாநிதிப் பட்டத்துக்கு அது போதாது.

படி 2: எங்கே பதிவு செய்வது

பட்டத்தின் பெயரில் "அமுலாக்க விஞ்ஞானம்" இருக்க வேண்டிய அவசியமில்லை. சமுதாய மருத்துவம், பொதுச் சுகாதாரம், உளவியல், சமூகவியல் ஆகிய எதில் பதிவு செய்தாலும் இம்முறையியலைப் பயன்படுத்தலாம்.

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் முதுதத்துவமாணி (எம்.பில்.) 11ஆம் மட்டம், கலாநிதி (பிஎச்.டி.) 12ஆம் மட்டம். கலாநிதிக்கு முழுநேரமாகக் குறைந்தது மூன்று ஆண்டுகள். வழமையில் பலர் முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்து, வேலை முன்னேறிய பின் கலாநிதிக்குத் தரமுயர்த்திக்கொள்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். இடையில் குடும்பமோ இடமாற்றமோ குறுக்கிட்டாலும் கையில் ஒரு பட்டம் மிஞ்சும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உயர் பட்டப்படிப்புகள் பீடமும், 1978இல் தொடங்கிய அதன் மருத்துவ பீடமும் பக்கத்திலேயே இருக்கின்றன. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் வன்னிக்குள்ளேயே இருக்கிறது. இணை மேற்பார்வையாளர், புள்ளிவிவர உதவி, நூலக வசதி ஆகியவற்றுக்கு அங்கும் விசாரியுங்கள். சமுதாய மருத்துவத்தில் சிறப்பு வைத்தியராக விரும்புகிறவருக்குக் கொழும்பில் உள்ள பட்டப்பின் மருத்துவக் கற்கைகள் நிறுவகத்தின் பாதை வேறு. அதையும் கலாநிதிப் பட்டத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெளிநாட்டில் இதற்கென்றே வகுத்த திட்டங்கள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் உலக சுகாதாரத் துறையில் அளவீட்டையும் அமுலாக்க விஞ்ஞானத்தையும் இணைத்து கலாநிதிப் பட்டம் வழங்குகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்திலும் இத்துறையின் முன்னணி ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். வெளியே போனாலும் ஆய்வுக்களத்தை வன்னியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாடநெறியை அங்கும் களவேலையை இங்கும் செய்யும் ஏற்பாட்டைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம். உள்நாட்டு ஆய்வு நிதிக்குத் தேசிய ஆராய்ச்சிப் பேரவையின் அறிவித்தல்களைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் நடத்தும் வெப்பமண்டல நோய்களுக்கான ஆய்வு, பயிற்சித் திட்டம் அமுலாக்க ஆய்வு பற்றிய இணையப் பாடநெறியை இலவசமாக வழங்குகிறது. பதிவு செய்வதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

அரச ஊழியர்கள் படிப்பு விடுமுறை, பிணைப் பத்திரம் ஆகியவற்றின் நிபந்தனைகளைக் கையெழுத்திடுவதற்கு முன் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

படி 3: மேற்பார்வையாளர்கள்

மூன்று வகை அறிவு தேவை: நோயைத் தெரிந்தவர், அமுலாக்க முறையியலைத் தெரிந்தவர், களத்தின் நிர்வாகத்தைத் தெரிந்தவர். ஒருவரிடமே மூன்றும் கிடைப்பது அரிது. உள்ளூர் முதன்மை மேற்பார்வையாளர் ஒருவரும், முறையியலுக்கு வெளியூரிலோ வெளிநாட்டிலோ ஒருவரும் இருக்கட்டும். மூன்றாவது ஆள் பிராந்திய அல்லது மாகாண சுகாதார சேவைகள் பணிமனையில் நீண்ட காலம் வேலை செய்தவராக இருந்தால், அவரை ஆலோசகராகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது ஒரு பக்கக் கருத்துரு போதும்: எந்தச் சேவை, எங்கே தடைப்படுகிறது, உங்களுக்கு அந்தக் களத்தில் என்ன உறவு. கடைசி வரிதான் அவரைப் பதில் எழுத வைக்கும்.

படி 4: கோட்பாட்டுச் சட்டகத்தைத் தெரிவு செய்தல்

இந்த இடத்தில் மாணவர்கள் அதிகம் திணறுகிறார்கள். எதை எதைப் பார்க்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தித் தரும் சட்டகங்கள் ஏராளம். பெர் நில்சன் 2015இல் எழுதிய கட்டுரை அவற்றை ஐந்து வகையாகப் பிரித்துத் தருகிறது. அதை முதலில் படியுங்கள். அதன் பின் தேவையைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ போதும்.

தடைகளையும் சாதகங்களையும் ஆராய 2009இல் டாம்ஷ்ரோடர் குழுவினர் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த சி.எப்.ஐ.ஆர் (அமுலாக்க ஆய்வுக்கான ஒருங்கிணைந்த சட்டகம்) பொருந்தும். புகுத்தப்படும் புதுமை, வெளிச்சூழல், உட்சூழல், தனிநபர்கள், அமுலாக்கச் செயல்முறை என்ற ஐந்து தளங்களில் அது கேள்வி கேட்க வைக்கிறது. நமது கமக்காரரை இதில் வைத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் வரவேண்டும் என்ற நிபந்தனை புதுமையின் இயல்பு. தண்ணீர் முறையும் பஸ் நேரமும் வெளிச்சூழல். தாதி ஒருவரே மூன்று வேலை பார்ப்பது உட்சூழல். "வருத்தம் இல்லாதவன் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?" என்ற எண்ணம் தனிநபர் தளம். அந்த ஒரு காலையில் கண்டவை இப்படி ஒழுங்குக்கு வருகின்றன.

பெறுபேற்றை அளக்க 1999இல் கிளாஸ்கோ குழுவினர் தந்த ரீ-எய்ம் சட்டகம் இருக்கிறது: எத்தனை பேரைச் சென்றடைந்தது, பலன் தந்ததா, எத்தனை நிலையங்கள் ஏற்றுக்கொண்டன, சொன்னபடி செய்யப்பட்டதா, நிலைத்ததா. 2011இல் புரொக்டர் குழுவினர் ஏற்புடைமை, செலவு, சாத்தியம், நிலைபேறு உட்பட எட்டு அமுலாக்கப் பெறுபேறுகளை வகுத்தார்கள். எட்டையும் அளக்கப் போகாதீர்கள். உங்கள் கேள்வி கேட்கும் மூன்றை அளந்தால் போதும். நிலைபேறு அதில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வன்னிக்கு வரும் உத்தியோகத்தர்களில் பலர் வேறு மாவட்டத்தவர்கள்; ஆண்டு இடமாற்றத்தில் போய்விடுவார்கள். ஒரு நல்ல வைத்தியரின் ஆர்வத்தில் ஓடிய திட்டம் அவர் போன மாதத்தோடு நின்றுவிடுவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதா என்பதை உங்கள் ஆய்வு சொல்ல வேண்டும்.

படி 5: உத்தியை வகுத்தலும் ஆய்வு வடிவமைப்பும்

"விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்" என்று எழுதுவது உத்தி ஆகாது. 2015இல் பவல் குழுவினர் தொகுத்த பட்டியலில் 73 உத்திகள் பெயரிடப்பட்டு விளக்கப்பட்டிருக்கின்றன. அதிலிருந்து எடுத்து, யார் செய்வார், என்ன செய்வார், யாரை நோக்கி, எப்போது, எவ்வளவு, எந்தப் பெறுபேற்றுக்காக, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். இப்படி: "பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒரு தாதியும், கமக்காரர் அமைப்பின் மாதாந்தக் கூட்டம் முடிந்ததும் அதே மண்டபத்தில், 35 வயதைக் கடந்த உறுப்பினர்களுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், அளவு கூடியவர்களுக்கு அடுத்த கிளினிக் திகதி எழுதிய துண்டு கொடுப்பார்கள், வராதவர்களை அமைப்பின் செயலாளர் நினைவூட்டுவார்." இதை வேறொருவர் வாசித்து அப்படியே செய்யலாம். கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில், தேவாலயம் என வன்னியில் ஆட்கள் ஏற்கெனவே கூடும் இடங்கள் இருக்கின்றன. புதிய குழு அமைப்பதை விட அவற்றுக்குள் போவது நீடிக்கும். பயிர்ச்செய்கைக்கு முன் தண்ணீர் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு வராத கமக்காரர் இல்லை.

வடிவமைப்பைப் பொறுத்தவரை, சிகிச்சையின் பலனையும் அமுலாக்கத்தையும் ஒரே ஆய்வில் பார்க்கும், 2012இல் கரன் குழுவினர் விவரித்த கலப்பு வடிவமைப்புகள் மூன்றையும் தெரிந்திருங்கள். முதலாவது வகை சிகிச்சையின் பலனை முதன்மைப்படுத்தும். மூன்றாவது வகை அமுலாக்க உத்தியை முதன்மைப்படுத்தும். இரண்டாவது இரண்டையும் சமமாகப் பார்க்கும். நிரூபணமான சிகிச்சையோடு வேலை செய்பவருக்கு மூன்றாவது வகை ஏற்றது.

அடுத்து எண்ணிக்கை. கிளிநொச்சியில் 4, முல்லைத்தீவில் 6, வவுனியாவில் 4, மன்னாரில் 5 என வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் சேர்த்து 19 பிரதேச செயலாளர் பிரிவுகளே உள்ளன. பிரிவை அலகாகக் கொண்டு எழுமாற்றாக இரண்டாகப் பிரிக்கும் ஆய்வு செய்தால், உண்மையான வேறுபாட்டைக் கண்டுகொள்ளும் புள்ளிவிவர வலு போதாமற் போகும் வாய்ப்பு அதிகம். அதனால் இரண்டு வழிகளைப் பரிசீலியுங்கள். ஒன்று, எல்லாப் பிரிவுகளும் வெவ்வேறு திகதிகளில் திட்டத்துக்குள் நுழையும் படிமுறை ஆய்வு. யாருக்கும் சேவை மறுக்கப்படுவதில்லை என்பதால் சுகாதார சேவைகள் பணிப்பாளர்களும் இதை எளிதில் ஏற்பார்கள். மற்றொன்று, நிலையங்கள் மாதாமாதம் அனுப்பும் அறிக்கைகளைக் கொண்டு, தலையீட்டுக்கு முன்னும் பின்னும் போக்கு எப்படி மாறியது என்று பார்க்கும் காலத்தொடர் ஆய்வு. இதற்குச் செலவு குறைவு. ஆனால் பழைய பதிவேடுகளின் தரத்தை முதலில் சோதியுங்கள். ஒரு மாத அறிக்கையை எடுத்து மூலப் பதிவேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் சொல்லாததைச் சொல்ல நேர்காணல்களும் வேண்டும்.

படி 6: அனுமதிகள்

முன்மொழிவு, பல்கலைக்கழகப் பதிவு, ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி, மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதி, பிராந்தியப் பணிப்பாளரின் அனுமதி, பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியின் சம்மதம் என்று வரிசை போகும். மருத்துவத் தலையீட்டுப் பரிசோதனை என்றால் முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே இலங்கை மருத்துவப் பரிசோதனைகள் பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும். நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

கடிதம் கொடுப்பதற்கு முன் இந்த அதிகாரிகளிடம் நேரில் போய்ப் பேசுங்கள். உங்கள் ஆய்வு குடும்பநல உத்தியோகத்தரின் வேலையைக் கூட்டுமா என்பதே அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும், அது நியாயமான கேள்வி.

படி 7: களத்தில்

2009க்குப் பிறகு வன்னி மக்கள் எண்ணற்ற படிவங்களை நிரப்பியிருக்கிறார்கள். பெயர், இழப்பு, காணாமற்போனவர், வீடு, மாடு, கிணறு என்று எல்லாம் கேட்கப்பட்டன. கேட்டவர்களில் திரும்பி வந்து பதில் சொன்னவர்கள் சிலரே. எனவே ஒரு வீட்டு வாசலில் நீங்கள் நிற்கும்போது உங்களுக்கு முன் வந்துபோன அத்தனை பேரும் அந்த அம்மாவின் நினைவில் நிற்கிறார்கள். "பிள்ளை, இதால எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று அவர் கேட்டால், உதவி எதுவும் கிடைக்காது என்பதை அங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கையெழுத்திடத் தயங்குபவர்கள் இருப்பார்கள். வாய்மொழிச் சம்மதத்தைச் சாட்சியுடன் பதியும் முறைக்கு முன்கூட்டியே ஒழுக்கவியல் குழுவின் அனுமதியைப் பெற்றுவையுங்கள். தேவையில்லாத கேள்வியைக் கேட்காதீர்கள். இரத்த அழுத்தம் பற்றிய ஆய்வுக்கு இறுதிப் போரில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. அவர்களாகவே சொன்னால், குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேளுங்கள். உளநலச் சேவைக்கு அனுப்பும் வழியைக் களத்துக்குப் போகும் முன்பே பேசி உறுதிசெய்திருக்க வேண்டும்.

நாட்காட்டியை வயலிலிருந்து எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள் வீதிகள் பல போக்குவரத்துக்கு உதவாது. தை தொடக்கம் அரிவு வெட்டு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா என்று ஊரே எழுந்து போகும் நாட்கள் உண்டு. தொலைபேசி அலை கிடைக்காத இடங்களுக்கு, இணையம் இல்லாமலும் படிவம் நிரப்பக்கூடிய கோபோ போன்ற செயலி உதவும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசித்து வையுங்கள்; பெயரும் தரவும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது.

களத்தில் திட்டம் மாறும். கூட்டத்துக்குப் பின் என்று எழுதியதைக் கூட்டத்துக்கு முன் என்று ஒரு தாதி மாற்றிக்கொள்வார், ஏனெனில் முடிந்ததும் எல்லோரும் சைக்கிளை எடுத்துவிடுகிறார்கள். அதை விலகலாகக் கருதிக் கண்டிக்காதீர்கள். யார் மாற்றினார், எதை, ஏன், எப்போது என்று பதிவு செய்யுங்கள். 2019இல் வெளியான ஃப்ரேம் என்ற சட்டகம் இதற்கென்றே உருவானது. அந்தப் பதிவேடு உங்கள் ஆய்வேட்டின் மிகச் சிறந்த அத்தியாயமாக மாறக்கூடும்.

படி 8: பகுப்பாய்வு, எழுத்து

தமிழில் நடந்த நேர்காணல்களைத் தமிழிலேயே எழுத்தாக்கி, தமிழிலேயே கருத்துவாரியாகக் குறியிட்டு, ஆய்வேட்டில் மேற்கோளாக வருபவற்றை மட்டும் ஆங்கிலமாக்குங்கள். எல்லாவற்றையும் முதலிலேயே மொழிபெயர்த்தால் பேசியவரின் குரல் பாதி வழியில் தொலைந்துவிடும், பணமும் விரயம். களத்தில் இருக்கும்போதே கிழமைக்கு ஒருமுறையாவது எழுதுங்கள்.

கட்டுரை எழுதும்போது அமுலாக்க ஆய்வுகளுக்கென 2017இல் வெளியான ஸ்டாரி என்ற அறிக்கையிடல் நியமத்தின் 27 அம்சங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு நெறிமுறை ஒரு கட்டுரை, தடைகள் பற்றிய பகுதி ஒன்று, உத்தியின் பெறுபேறு ஒன்று என மூன்று கட்டுரைகளாக ஆய்வேட்டைப் பிரிக்க முடிந்தால், வாய்மொழித் தேர்வுக்கு முன்பே வெளியிலிருந்து விமர்சனம் கிடைத்துவிடும். திறந்த அணுகல் இதழ்களில் கட்டணச் சலுகை உண்டா என்பதை அனுப்புவதற்கு முன் கேளுங்கள்.

ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதோடு இரண்டு சிறு ஆவணங்களையும் தயார்செய்யுங்கள். ஒன்று, பிராந்தியப் பணிப்பாளருக்கு இரண்டு பக்கம்: என்ன செய்தோம், என்ன செலவு, எந்தப் பதவியில் இருப்பவர் தொடர வேண்டும், எந்தப் பதிவேட்டில் எந்த நிரல் சேர்க்க வேண்டும். மற்றது, பங்கேற்ற கிராமங்களுக்குத் தமிழில் ஒரு பக்கம். அதைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் நீங்களே எழுந்து நின்று வாசித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். இதைத் தேர்வு முடியும்வரை ஒத்திப்போட வேண்டாம். முடிவுகள் உறுதியான மாதத்திலேயே செய்துவிடுங்கள். அங்கே எழும் கேள்விகளில் ஒன்றிரண்டை வாய்மொழித் தேர்வாளரும் கேட்பார்.